மஞ்சளாகிப்போன சிவப்பு: பழைய சீனக் கம்பளங்களும் அவற்றின் பூக்களும்

2021 நவம்பரில், பாரிஸில் நடந்த கிறிஸ்டீஸ் ஏலத்தில் ஒரு சீனக் கம்பளம் 68 லட்சம் யூரோவுக்கு மேல் விலைபோனது. மிங் அரசர்கள் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில், பெய்ஜிங் அரண்மனைக்காக நெய்தது. தேன் நிறத் தரையில் டிராகன்கள் புரளும் அந்தக் கம்பளத்தைப் படத்தில் பார்த்தவர்கள், மஞ்சள் பேரரசரின் நிறமாயிற்றே, பொருத்தம்தான் என்று தலையாட்டியிருப்பார்கள். ஆனால் தறியிலிருந்து இறங்கிய நாளில் அதன் தரை சிவப்பு. பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இன்று வைக்கோல் நிறத்தில் கிடக்கும் மிங் காலத்துக் கம்பளங்கள் பலவற்றின் கதையும் இதுதான்.

அந்தச் சிவப்பு, சப்பான் மரத்தின் உள்வைரத்தை வேகவைத்து எடுத்தது. இந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் வளரும் மரம். கேரள ஓட்டல்களில் இளஞ்சிவப்பாக வெந்நீர் கொண்டுவந்து வைக்கிறார்களே, அந்தப் பதிமுகம் இதே மரம்தான். மிங் அரசு இதைச் சயாமிலிருந்தும் பிற துறைமுகங்களிலிருந்தும் கப்பல் கப்பலாக வாங்கியது. 15ஆம் நூற்றாண்டில் அரசுக் கிடங்குகளில் மிளகும் சப்பான் மரமும் அளவுக்கு மீறிக் குவிந்துபோய், அதிகாரிகளின் சம்பளத்தில் ஒரு பகுதியையே அவற்றால் கொடுத்திருக்கிறார்கள். படிகாரத்தில் நனைத்த கம்பளியில் இந்தச் சாயம் ஏறினால் பார்க்க அருமையாக இருக்கும். வெளிச்சத்தில் நிற்காது, அவ்வளவுதான் குறை. நீலத்துக்கு அந்தக் குறை கிடையாது. அவுரிச் சாயமும் சீனாவின் வேறு நீலச் செடிகள் தரும் சாயமும் வேதியியலில் ஒன்றே; நூற்றாண்டுகள் ஆனாலும் பெரிதாக வெளுக்காதவை. ஆக, சிவப்பு விடைபெற்றுக்கொண்டது, நீலம் தங்கிவிட்டது. மஞ்சளும் நீலமும் தந்தமுமாகப் பழைய சீனக் கம்பளங்களின் அடையாளமாகவே ஆகிவிட்ட வண்ணச் சேர்க்கையில் காலத்தின் கைவேலை கணிசமாக இருக்கிறது.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. பழைய சீனக் கம்பளங்களைப் பற்றிய எழுத்துகளில் அடக்கம், அமைதி, வெற்றிடத்தின் அழகு என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வரும். அவற்றின் பூ வடிவங்களைப் பற்றிப் பேசும்போது இன்னும் கூடுதலாக வரும். எனக்கு அந்தச் சொற்களில் முழு நம்பிக்கை இல்லை. அந்த அமைதியில் ஒரு பங்கு சாயம் போனதால் வந்தது. இன்னொரு பங்கு முடிச்சுக் கணக்கால் வந்தது. நெய்தவர்களும் அதன்மேல் உட்கார்ந்தவர்களும் அந்தப் பூவிடம் எதிர்பார்த்தது வேறு.

முதலில் இடத்தைப் பார்ப்போம். சீனா பட்டின் நாடு. ஆட்டு ரோமம் அதன் வடக்கு, மேற்கு எல்லைகளில் வாழ்ந்த மேய்ச்சல்காரர்களின் பொருள். பாவு நூலில் கம்பளியை முடிச்சு முடிச்சாகக் கட்டி நெய்யும் முடிச்சுக் கம்பளம் அங்கிருந்து உள்ளே வந்த கைத்தொழில். டாங் வம்ச காலத்தில் தரையில் விரிக்கும் ஆடம்பர விரிப்பு என்றால் அதற்கும் பட்டுதான். 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பை ஜூயி என்ற கவிஞர், ஷுவான்சோ வட்டாரத்திலிருந்து அரண்மனைக்குப் போன சிவப்புப் பட்டு விரிப்பைப் பார்த்துக் கொதித்து ஒரு கவிதை எழுதினார். தரைக்குக் குளிராது, மனிதருக்குத்தான் குளிரும், மனிதரின் உடையைப் பறித்துத் தரைக்கு உடுத்தாதீர்கள் என்பது அதன் முடிவு. எழுதியவரும் அரசு அதிகாரிதான் என்பதால் அதில் கூடுதல் காரம்.

அந்தக் காலத்து ரோம விரிப்புகள் எப்படி இருந்தன என்று பார்க்க ஜப்பானுக்குப் போக வேண்டும். நாரா நகரின் ஷோசோயின் கருவூலத்தில், 756ஆம் ஆண்டு மறைந்த ஷோமு பேரரசரின் உடைமைகளை அவர் மனைவி கோயிலுக்கு அளித்ததிலிருந்து காத்து வருகிறார்கள். அங்கே பூ வேலைப்பாடு கொண்ட விரிப்புகள் முப்பது சொச்சம் உள்ளன. இவை நெய்தவை அல்ல. ரோமத்தை நனைத்து உருட்டி அழுத்தித் திரட்டியவை. சாயமேற்றிய ரோமத்தைப் பூ வடிவில் பதித்திருக்கிறார்கள். நடுவில் விரிந்து நிற்பது டாங் காலத்தில் எங்கும் பரவியிருந்த கற்பனைப் பூ: தாமரை இதழ், பியோனி என்ற பெரிய அடுக்கிதழ்ப் பூவின் மடிப்பு, மாதுளையின் வடிவம் எல்லாம் சேர்ந்து எந்தத் தோட்டத்திலும் பூக்காத ஒன்று. பௌத்தத்தோடு மேற்கிலிருந்து வந்த கொடிச் சுருளும் இந்தியத் தாமரையும் சீனக் கைகளில் கலந்து பிறந்தது அது. பின்னால் ஆயிரம் ஆண்டுகள் கம்பளங்களில் வரப்போகும் பூக்களுக்கு அதுவே பாட்டி.

நாம் இன்று பழைய சீனக் கம்பளம் என்று அருங்காட்சியகங்களில் பார்ப்பவற்றில் பெரும்பகுதி, மஞ்சள் ஆறு வளைந்து ஓடும் நிங்சியா வட்டாரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்தது. காலம் பெரும்பாலும் 17ஆம் நூற்றாண்டு முதல் 19ஆம் நூற்றாண்டு வரை. மேய்ச்சல் நிலமும் ஆற்றுப் பாசனமும் ஒட்டியிருக்கும் ஊர். ஹூய் முஸ்லிம்கள் திரளாக வாழும் பகுதி. மங்கோலியாவுக்கும் திபெத்துக்கும் வணிகப் பாதை. 1697இல் மங்கோலியத் தலைவன் கால்தானை எதிர்த்துப் படையெடுத்துப் போன காங்ஷி பேரரசர் நிங்சியாவில் தங்கினார். உடன் சென்ற பிரெஞ்சு ஏசுசபைப் பாதிரியார் ஜெர்பில்லோன் அங்கே பேரரசருக்குக் கம்பளங்கள் காணிக்கையாக வந்ததையும், அவை துருக்கிக் கம்பளங்களைப் போல, ஆனால் அவற்றைவிட முரடாக இருந்ததையும், தன் கண்முன்னே நெய்து காட்டும்படி பேரரசர் சொன்னதையும் குறித்து வைத்திருக்கிறார்.

முரடு என்று அவர் சொன்னது சரி. பாவும் ஊடும் பருத்தி, முடிச்சு கம்பளி. ஒரு சதுர அங்குலத்துக்கு ஐம்பதை ஒட்டித்தான் முடிச்சுகள் இருக்கும். பல கம்பளங்களில் அதுவும் இருக்காது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் 1539–40ஆம் ஆண்டுப் பாரசீக அர்தபீல் கம்பளத்தில் அதே சதுர அங்குலத்தில் ஏறக்குறைய 340 முடிச்சுகள். இந்த வித்தியாசம் பூவின் உருவத்தையே தீர்மானிக்கிறது. ஐம்பது முடிச்சு என்றால் ஓர் அங்குல நீளத்தில் ஏழு. இதழின் வளைவை ஏழு படிகளில் ஏற்றி இறக்க வேண்டும். சின்னப் பூவை இப்படி நெய்தால் அது பூவாகவே தெரியாது. ஆகையால் பூவைச் சாண் அகலத்துக்குப் பெரிதாக்க வேண்டும். இதழ் ஓரத்தை அடர் நீலத்தில் கட்டி உள்ளே வெளிர் நீலம் வைக்க வேண்டும். பக்கத்துப் பூவோடு குழம்பாமல் இருக்க நடுவில் வெற்றுத் தரை விட வேண்டும். சில இடங்களில் பூவைச் சுற்றி ரோமத்தைக் கத்தரியால் சற்றே ஒட்ட வெட்டி விளிம்பை எடுப்பாக்கினார்கள். விமர்சகர்கள் புகழும் வெற்றிடம், சீன ஓவிய மரபிலிருந்தும் வந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் ஏழு முடிச்சில் இதழ் போட்டுப் பார்த்தவனுக்கு ஓவிய மரபு தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

பாரசீகத்தை எட்டிப் பிடிக்க முடியாமல் போனார்கள் என்று இதைப் படிக்கக் கூடாது. கம்பளத்தின் பயன் வேறு. வட சீன வீடுகளில் காங் என்று ஒரு மேடை உண்டு. செங்கல்லால் கட்டி, அடியில் அடுப்புப் புகையும் சூடும் ஓடும்படி செய்தது. குளிர்காலத்தில் குடும்பமே அதன்மேல்தான்: சாப்பாடு, தூக்கம், விருந்தாளி உபசாரம் எல்லாம். அந்த மேடைக்கு விரிப்பு, நாற்காலியின் இருக்கைக்கும் சாய்மானத்துக்கும் உறை, குதிரைச் சேணத்துக்கு மெத்தை, மடாலயத்தில் துறவி உட்காரச் சதுர ஆசனம், வரிசையாக உட்காரும் துறவிகளுக்குச் சதுரம் சதுரமாகப் பிரித்த நீண்ட விரிப்பு, தூணைச் சுற்றிக் கட்டினால் டிராகனின் உடல் ஒன்றோடொன்று சேரும்படி நெய்த தூண் கம்பளம் என்று நிங்சியா தறிகளில் பல வகை இறங்கின. இவற்றில் பெரும்பாலானவற்றின்மேல் மனிதர் உட்காருவார், படுப்பார். மெத்தென்று இருக்க வேண்டும். பூ, உட்காருபவருக்குச் சொல்லும் வாழ்த்தாக இருக்க வேண்டும்.

வாழ்த்து என்றது அலங்காரத்துக்குச் சொன்னதல்ல. சீன வடிவங்களில் பலவும் ஒலி விளையாட்டில் பிறந்தவை. வௌவாலுக்கும் நற்பேறுக்கும் சீனத்தில் ஒரே ஒலி. ஆகையால் நம் ஊரில் வீட்டுக்குள் நுழைந்தால் விரட்டப்படும் வௌவால் அங்கே கம்பளத்தின் நான்கு மூலையிலும் மங்கலமாகப் பறக்கிறது. ஜாடியும் அமைதியும் ஒரே ஒலி என்பதால் பூவை ஜாடியில் வைத்து நெய்தால் அமைதியான வாழ்வுக்கு வாழ்த்து. கரையில் ஓடும் ஸ்வஸ்திகப் பின்னல் பத்தாயிரம் என்று ஒலித்து, நடுவில் உள்ள வாழ்த்தைப் பத்தாயிரம் மடங்காக்கித் தருகிறது. பீச், மாதுளை, விரல் விரலாகப் பிரிந்த ஒரு வகை நாரத்தை ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் நீண்ட ஆயுளும் நிறையப் பிள்ளைகளும் நற்பேறும். மாதுளைக்கு ஒலி வேண்டியதில்லை, விதைகளைப் பார்த்தாலே போதும்.

பூக்களில் நான்கு அடிக்கடி வரும். பியோனி வசந்தம், தாமரை கோடை, சாமந்தி இலையுதிர் காலம், பிளம் பனிக்காலம். நான்கையும் நான்கு மூலையில் வைத்தால் ஆண்டு முழுதும் சுகம். பியோனி செல்வத்தின் பூ, டாங் காலத்தில் தலைநகர்கள் அதன் பித்துப் பிடித்து அலைந்தன. லோயாங் நகரம் இன்றும் பியோனிக்குப் பேர்போனது. சாமந்தி நீண்ட ஆயுள். பிளம் பனியில் பூப்பதால் உறுதி. அதன் ஐந்து இதழுக்கு ஐந்து பேறுகள் என்று கணக்கு. தாமரை நமக்குத் தெரிந்த தாமரைதான், புத்தரின் இருக்கை. மடாலய ஆசனங்களில் அது நடுவில் வட்டமாக விரிந்திருக்கும், துறவி அதன்மேல் அமர்வார். வீட்டுக் கம்பளத்தில் அதே தாமரை கொடியில் சுற்றிச் சுற்றி முடிவில்லாமல் ஓடும், தொடர்ச்சிக்கு அடையாளமாக.

முரட்டு முடிச்சில் எது எந்தப் பூ என்று கண்டுபிடிப்பது முதலில் திணறவைக்கும். இதழைவிட நடுவையும் இலையையும் பார்ப்பது நல்லது. தாமரைக்கு இதழ் நுனி கூராக இருக்கும், நடுவில் விதைப் பொகுட்டு தெரியும். பியோனியின் இதழ் ஓரம் அலையலையாக மடியும், இலை பிளவுபட்டிருக்கும். சாமந்தியில் குறுகிய இதழ்கள் நெருக்கமாகச் சக்கரம் போல நிற்கும். வட்டமான ஐந்து இதழ், இலையே இல்லாத முறுக்கிய கிளை என்றால் பிளம். நிங்சியாக்காரர்கள் சில நேரம் தாமரைப் பூவைப் பியோனி இலையோடு சேர்த்துவிடுவதும் உண்டு. ஒவ்வொரு பூவிலும் ஆழமான தத்துவத்தைத் தேடுபவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். நெய்பவர் பலருக்குப் பூ வடிவம் கைப்பழக்கமாக வந்தது. வாங்குபவருக்கும் மொத்தத்தில் மங்கலமாக இருந்தால் போதும். கல்யாணப் பத்திரிகையின் மூலையில் அச்சாகும் மாங்காய் வடிவத்தை யாரும் நின்று படிப்பதில்லையே.

வடிவங்கள் கம்பளக்காரர்களின் சொந்தக் கண்டுபிடிப்பும் அல்ல. மிங் காலத்து நீல வெள்ளைப் பீங்கானில் ஓடும் தாமரைக் கொடி, பட்டுச் சரிகைத் துணியின் பியோனி, அரக்கு வேலைப் பெட்டியின் பின்னல் கரை எல்லாம் கம்பளத்துக்கு இறங்கி வந்தவை. எல்லை ஊரின் ரோமத் தொழில் நாகரிக வீட்டுக்குள் நுழைய அந்த வீட்டின் பாத்திரத்திலும் ஆடையிலும் இருந்த பூவைக் கடன் வாங்கிக்கொண்டது என்பேன்.

அதே பூக்கள் எதிர்த்திசையிலும் பயணம் போயிருக்கின்றன. 13, 14ஆம் நூற்றாண்டுகளில் மங்கோலியர் ஆட்சி சீனாவையும் ஈரானையும் ஒரே வலைக்குள் இழுத்தபோது, சீனப் பட்டும் பீங்கானும் மேற்கே போயின. அவற்றோடு தாமரையும் பியோனியும் சுருள் மேகமும் போயின. பாரசீகக் கம்பளங்களில் பெரிய விசிறி போல விரியும் பூக்களின் முன்னோர் இவைதான். ஈரானில் இந்தப் பூக்கொடி வகைக்கு இன்றும் கதாயி என்று பெயர். கதாய் என்பது அவர்கள் சீனாவுக்கு வைத்திருந்த பெயர். கம்பளம் மேற்கிலிருந்து சீனாவுக்கும், பூ சீனாவிலிருந்து மேற்குக்கும் போய், பாரசீகத்தில் 340 முடிச்சில் நுணுகிப் பூத்தது.

நிங்சியாவுக்கு வெளியே உள்ளவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். மேற்கே ஷின்ஜியாங்கின் கோத்தான், யார்க்கந்து கம்பளங்கள் பாதி மத்திய ஆசியாவைச் சேர்ந்தவை. சின்ன ஜாடியிலிருந்து கிளைத்துக் கம்பளம் முழுக்க ஏறும் மாதுளைக் கொடி அவற்றின் முத்திரை. மஞ்சிட்டி வேர்ச் சாயம் அங்கே புழக்கத்தில் இருந்ததால் அந்தச் சிவப்புகள் இன்னும் சிவப்பாகவே இருக்கின்றன. உள் மங்கோலியாவின் பாவோதோவிலிருந்து வந்தவை அளவில் சிறியவை. அடர் நீலத்தில் ஜாடி, மான், மலை, பாலம் என்று படம் வரைந்தது போல இருக்கும். பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியும் அதற்குப் பின்னும்.

இவற்றின் வயதைச் சொல்வது பெரிய தலைவலி. அர்தபீல் கம்பளத்தில் ஆண்டையே நெய்து வைத்திருக்கிறார்கள். சீனக் கம்பளங்களில் அந்த வழக்கம் ஏறக்குறைய இல்லை. ஆண்டு தெரிந்த பீங்கானில் இதே போன்ற கொடி இருக்கிறதா என்று ஒப்பிட்டுத்தான் பெரும்பாலும் காலம் கணிக்கிறார்கள். ஆனால் நல்ல கொடியை நூறு ஆண்டு கழித்தும் நெய்யலாமே. வணிகர்கள் தாராளமாகச் சூட்டும் காங்ஷி காலம், சியென்லுங் காலம் என்ற பேரரசர் பெயர்ப் பட்டங்களை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அரண்மனை மண்டபங்களின் பெயரைத் தலைப்பில் நெய்த, உலோகச் சரிகை கலந்த பட்டுக் கம்பளங்கள் ஏலங்களில் கம்பீரமாக வரும். அவற்றில் பலவற்றை 19ஆம் நூற்றாண்டின் கடைசிக்கும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கும் ஆய்வாளர்கள் கொண்டுவந்துவிடுகிறார்கள்.

சாயம் கொஞ்சம் நேர்மையான சாட்சி. செயற்கைச் சாயங்கள் 1856க்குப் பிறகுதான் உலகத்தில் உண்டு. ரோமத்தைப் பிரித்துப் பார்த்தால் அடியில் கத்தும் ஊதாவோ ஆரஞ்சோ இருந்து நுனி சாம்பல் பூத்திருந்தால், அந்தக் கம்பளத்தை எந்தப் பேரரசர் பெயராலும் காப்பாற்ற முடியாது. ஆனால் ஒன்று: அடியில் சிவப்பும் மேலே வாதுமை நிறமும் இருப்பது போலிக்கு அடையாளமில்லை. மரச் சாயமும் பூச் சாயமும் அப்படித்தான் வெளுக்கும். புரட்டிப் போட்டுப் பின்பக்கத்தைப் பார்ப்பது எப்போதும் பலன் தரும். பூவின் உண்மையான நிறங்கள், பியோனிக்கும் தாமரைக்கும் கொடுத்திருந்த வேறுபாடு, எல்லாம் அங்கே ஓரளவு மிச்சமிருக்கும்.

இந்தக் கைத்தொழில் உலகச் சந்தைக்கு வந்தது தாமதமாகத்தான். 1860களில் மேற்கிலிருந்து வந்த ஒரு லாமா பெய்ஜிங்கின் பாவோகுவோ கோயிலில் சிறுவர்களுக்கு நெசவு கற்றுக்கொடுத்ததில் தலைநகரின் கம்பளத் தொழில் தொடங்கியதாக ஒரு கதை வழங்குகிறது. 1900இல், வெளிநாட்டவரை எதிர்த்து எழுந்த பாக்சர் கிளர்ச்சியை அடக்க வந்த எட்டு நாட்டுப் படைகள் பெய்ஜிங்கைச் சூறையாடின. மேற்கத்திய வீடுகளுக்குச் சீனக் கம்பளம் அறிமுகமானதில் அந்தக் கொள்ளைக்கும் பங்கு உண்டு. முதல் உலகப் போரில் துருக்கி, பாரசீகக் கம்பளங்களின் வரத்து தடைப்பட்டதும் அமெரிக்க வணிகர்கள் தியான்ஜின் துறைமுகத்துக்கு ஓடினார்கள். 1920களில் அந்த ஊரும் பெய்ஜிங்கும் பட்டறைகளால் நிறைந்தன.

அங்கே நெய்த கம்பளம் வேறு ரகம். இயந்திரத்தில் நூற்ற பளபளப்பான கம்பளி, அசையாத குரோம் சாயம், தடித்த ரோமம். ஓர் அடிக்கு 90 முடிச்சு வரிசை என்பது புழக்கத்தில் இருந்த தரம். சதுர அங்குலத்துக்கு 56 முடிச்சு. அதாவது நெருக்கத்தில் நிங்சியாவை விட்டு வெகுதூரம் போகவில்லை. மாறியது பூ. வால்டர் நிக்கோல்ஸ் என்ற அமெரிக்கரின் தியான்ஜின் பட்டறைக் கம்பளங்களில் கரையே காணாமல் போனது. ஒரு மூலையிலிருந்து பெரிய பியோனிக் கொத்து சாய்ந்து வளர்ந்து, எதிர் மூலையில் சின்னக் கிளை மட்டும் பதில் சொன்னது. தரை ஊதா, மரகதப் பச்சை, ஒயின் சிவப்பு. நியூயார்க் வரவேற்பறைக்காக வரைந்த இந்தப் பூக்களை யாரும் வாழ்த்தாகப் படிக்கவில்லை. நெய்தவர்களில் பெரும்பகுதி பயிற்சிக்குச் சேர்த்த சிறுவர்கள். ஆண்டுக் கணக்கில் சம்பளம் கிடையாது, சாப்பாடும் படுக்க இடமும்தான். நூல்களில் இந்தக் கம்பளங்களின் வண்ணங்களுக்கு ஒதுக்கும் பக்கங்களில் பத்தில் ஒன்றுகூட அவர்களுக்குக் கிடைப்பதில்லை.

1929இன் பொருளாதார வீழ்ச்சியும் 1937இல் தொடங்கிய ஜப்பானியப் போரும் அந்த வணிகத்தை முடித்துவைத்தன. 1950இல் அமெரிக்கா சீனாவோடு வணிகத்தைத் தடை செய்து, 1971இல்தான் தளர்த்தியது. அதன்பின் ஏற்றுமதியான கம்பளங்களில் வெளிர் ரோஜா நிறத்தில், ஆழமாகக் கத்தரித்துப் புடைக்கவைத்த பிரெஞ்சுப் பாணி ரோஜாக் கொத்துகள் வந்தன. சீனக் கம்பளம் என்றதும் பலருக்கு நினைவில் எழுவது அதுதான். அதில் தாமரையைத் தேடினால் கிடைக்காது. தியான்ஜினின் 1920களின் கம்பளங்களை நெடுங்காலம் சேகரிப்பாளர்கள் பழம்பொருளாகவே மதிக்கவில்லை. பழம்பொருள் என்றால் நூறு வயது என்பது வணிகத்தின் வழக்கக் கணக்கு. அவை இப்போது ஒவ்வொன்றாக அந்த வயதைத் தாண்டிக்கொண்டிருக்கின்றன, ஏலப் பட்டியல்களில் விலையும் அதற்கேற்ப எழுதப்படுகிறது.